கொடுத்த நேரம், பெற்ற நேரம்

மைசூர் மைன்ஸ்,
கோலார் தங்கவயல்.
11.1.1998

செல்வி த. வாணி அவர்களுக்கு,

ஜெயகரன் எழுதுவது. கையெழுத்து மறந்துபோயிருந்தால், உன் தம்பி என்று சேர்த்துப் படித்துக்கொள்.

நானாக எழுதவில்லை. வின்னி எழுதச் சொன்னாள். வின்னி யாரென்றால், டேவிட்டின் தங்கை. டேவிட்டை உனக்குத் தெரியும். எங்கள் சுரங்க ஷாஃப்ட் வாயில் நின்று ஆட்களைக் கேஜ் கூண்டில் ஏற்றிவிட்டு, இறக்கச் சொல்லி எனக்கு மணி கொடுக்கிறவன். போன மே மாதம் எனக்கும் வின்னிக்கும் கல்யாணம் ஆனது. உனக்குப் பத்திரிகை அனுப்பவில்லை. நேரத்துக்கு வந்து சேராது, சேர்ந்தாலும் நீ நேரத்துக்கு வரமாட்டாய் என்று விட்டுவிட்டேன்.

இப்போது அவளுக்கு மூன்று மாதம். ஜூலையில் பிறக்கும் என்கிறார்கள். குழந்தையைத் தொட்டிலில் போட்டுக் காதில் மூன்று தடவை பேர் சொல்ல அத்தை வேண்டுமாம். அவர்கள் வீட்டில் அதெல்லாம் கிடையாது, ஆனாலும் நம் வீட்டு வழக்கத்தை விடக்கூடாது என்று நிற்கிறாள். எனக்கு இருப்பது ஒரே அக்கா. வேறு யாரையும் கூப்பிட முடியாது.

அம்மா போனபோது நீ வந்த நேரத்தை நான் மறக்கவில்லை. வருவதும் வராததும் உன் இஷ்டம்.

ஜெயகரன்


திருவல்லிக்கேணி,
சென்னை.
27.1.1998

ஜெயாவுக்கு,

உறையைப் பிரித்ததும் ரேஷன் ஆபீசிலிருந்து வந்திருக்கிறதோ என்று நினைத்தேன். செல்வியாம், அவர்களாம். மூக்கு ஒழுகிக்கொண்டு என் பாவாடையைப் பிடித்துத் தொங்கியவன் எழுதுகிற முறையா இது?

வின்னிக்கு என் வாழ்த்தைச் சொல். அவளிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிறக்கப்போகும் குழந்தையிடமும் இல்லை. ஆனால் நான் வரமாட்டேன்.

ஏன் என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் ஒரு தடவை எழுதிவிடுகிறேன். 1996 ஜூன் பதினாலாம் தேதி காலை ஏழு மணிக்கு அம்மா போய்விட்டாள். ஹாஸ்டல் வார்டன் நீ கொடுத்த தந்தியை என் கையில் கொடுத்தபோது இரவு ஒன்பது. அப்படியே ஓடி, ரயிலில் நின்றுகொண்டே வந்து, பங்காருப்பேட்டையில் இறங்கி, மறுநாள் காலை ஆறு மணிக்கு நம் லைன் வீடுகளுக்குள் நுழைந்தால் வாசலில் உதிர்ந்த பூ மட்டும்தான் கிடந்தது. முந்தின நாள் சாயங்காலமே எடுத்துவிட்டீர்கள். பக்கத்து வீட்டுப் பார்வதம்மா எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "நேத்து காலைலயே தந்தி போச்சு. மெட்ராஸ் இன்னா சீமையிலயா கீது? இப்ப வந்து யார பாக்கப் போறே?" நீ அவளைத் தடுக்கவில்லை. உன் பங்குக்கு, "கம்ப்யூட்டர்காரிக்கு அம்மா இன்னா, ஆயா இன்னா" என்றாய்.

அந்த வார்த்தையைக் கேட்ட காதோடு அந்த லைனுக்குள் திரும்ப எப்படி வருவேன்? குழந்தைக்குச் சட்டை தைத்து அனுப்புகிறேன்.

வாணி


மைசூர் மைன்ஸ்,
22.2.1998

அக்காவுக்கு,

சட்டை அனுப்பு, வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. வின்னிக்கு வாந்தி நின்றுவிட்டது. மாங்காய் எங்கே கிடைக்கும் என்று பூதிகோட்டை வரைக்கும் ஆள் விட்டுக் கேட்கிறாள்.

உன் கடிதத்தை அவளே படித்தாள். படித்துவிட்டு என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கேட்டாள்: "உங்க அக்கா கம்ப்யூட்டர்ல இன்னாதாங்க பண்றாங்க?" டைப் அடிக்கிறாள் என்றேன். டைப் அடிக்கவா ஒருத்தி காலேஜில் முதல் மார்க் எடுத்துவிட்டு மெட்ராஸில் போய் உட்காருவாள் என்று அதற்கும் திட்டு.

நிஜமாகவே எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை. நீயும் என் வேலையை லிஃப்ட் மேன் வேலை என்றுதான் சொல்வாய். வின்னிக்காக எழுது.

ஜெயகரன்


சென்னை,
15.3.1998

அன்புள்ள ஜெயாவுக்கும் வின்னிக்கும்,

யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. மூன்று தாள் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் கம்பெனி பன்னிரண்டு ஆஸ்பத்திரிகளுக்குச் சேர்த்து ரத்தப் பைகளின் பட்டியலை வைத்திருக்கிறது. எந்த வகை ரத்தம், எந்த அலமாரியில், எத்தனை பை. பெரிய கம்ப்யூட்டர் சென்னையில். அதே பட்டியலின் நகல் பாண்டிச்சேரியில் ஒன்று, வேலூரில் ஒன்று. இங்கே ஒருத்தி ஒரு பையைக் கொடுத்துவிட்டதாக எழுதினால், டெலிபோன் கம்பி வழியாக அது அங்கேயும் தானாக எழுதப்பட வேண்டும். அங்கிருக்கிற டாக்டர் நகலைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். நகல் பின்தங்கினால், இல்லாத ரத்தத்தை இருக்கிறது என்று நம்பிவிடுவார்.

எத்தனை பின்தங்குகிறது என்று கண்காணிப்பதுதான் என் வேலை. வின்னி, இதைக் கவனமாகப் படி. யார் எதை எழுதினாலும் உடனே அது பதிவாகிவிடாது. எழுதி முடித்து, உறுதி என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அதுவரை அது எழுதுகிறவளின் திரையில் மட்டும் இருக்கும், உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அழுத்திய பிறகு யாராலும் இல்லையென்று சொல்ல முடியாது. இதற்கு கமிட் என்று பேர். அந்தக் கணத்தின் நேரத்தைக் கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். நகலுக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தை அங்கிருக்கிற கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் தாமதம். நான் எழுதிய சின்ன புரோகிராம் ஒவ்வொரு நிமிடமும் இதைக் கழித்துத் திரையில் ஒரு கோடு போடும்.

சாதாரண நாளில் இரண்டு விநாடி. ஜெயா, இரண்டு விநாடி! நம் தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து மைன்ஸுக்கு நாலு நாள் நடந்து வந்தாரென்று அப்பா சொல்வார். அதைவிட அதிக தூரத்தை ஒரு பெண் பொத்தானை அழுத்திவிட்டுக் கையை எடுப்பதற்குள் ஒரு செய்தி கடந்துவிடுகிறது. தினம் பார்க்கிறேன், இன்னும் பழகவில்லை.

போன நவம்பர் மழையில் வேலூர்க் கம்பி அறுந்துவிட்டது. கோடு ஏறிக்கொண்டே போனது. ஒரு மணி, இரண்டு மணி, ஐந்து மணி நேரத் தாமதம். பிறகு கம்பியை ஒட்டினார்கள். அந்த ஐந்து மணி நேரத்தில் எழுதப்பட்ட நாற்பத்திரண்டு பதிவுகளும், முதலில் எழுதியது முதலில், அடுத்தது அடுத்து, ஒன்றுகூட வரிசை மாறாமல் போய்ச் சேர்ந்தன. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

வாணி


மைசூர் மைன்ஸ்,
12.4.1998

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நான் மூன்று தடவையும் டேவிட் ஒரு தடவையும் படித்தோம். டேவிட் சொன்னான்: "இன்னாடா இது, நம்ம வேலையத்தான் மெட்ராஸ்ல ஏசி ரூம்ல உக்காந்து பண்றாங்க."

அவன் சொன்னது சரி. நான் இதுவரை உனக்குச் சொன்னதில்லை. என்ஜின் ஹவுஸில் உட்கார்ந்து லீவரைப் பிடித்திருக்கிறேனே, என் கண்ணுக்குக் கேஜ் தெரியாது. ஆறாயிரம் அடி ஷாஃப்டில் அது எங்கே தொங்குகிறது, யார் உள்ளே நிற்கிறார்கள், ஒன்றும் தெரியாது. என் கண் முன்னால் கடிகாரம் மாதிரி ஒரு வட்டம், அதில் ஒரு முள். முள் எங்கே இருக்கிறதோ அங்கே கேஜ் இருக்கிறது என்று நம்பித்தான் ஆட்களை ஏற்றுகிறேன்.

அந்த முள்ளும் முழு உண்மை சொல்லாது. அவ்வளவு நீளக் கயிறு இழுபடும். கீழே ஆட்கள் ஏறினால் முள் அசையாது, ஆனால் கேஜ் ஓரடி, ஒன்றரை அடி இறங்கியிருக்கும். அதனால் கயிறு சுற்றும் டிரம்மில் நாங்களே சாக்பீஸால் கோடு போட்டு வைத்துக்கொள்வோம். கீழிருந்து மணி மூன்று தடவை அடித்தால் ஆட்கள் ஏறுகிறார்கள் என்று அர்த்தம். அந்த மூன்று மணி கேட்ட பிறகு என்ஜின் ஹவுஸில் யாரும் என்னோடு பேசக்கூடாது. மேனேஜரே வந்தாலும் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். முதல் நாள் அதைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்தது.

எல்லாம் சரி. ஒன்றுதான் புரியவில்லை. இரண்டு விநாடியில் வேலூர் போகிறது, பாண்டிச்சேரி போகிறது. ஒரு தந்தி மட்டும் காலையிலிருந்து ராத்திரி ஒன்பது வரைக்கும் எங்கே போயிருந்தது?

ஜெயகரன்


சென்னை,
24.5.1998

ஜெயா,

நீ கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்திருக்கிறது. எப்படிக் கிடைத்தது என்று முதலில் சொல்கிறேன்.

போன வாரம் பாண்டிச்சேரி டாக்டர் ஒருவர் அவசரமாக பி நெகட்டிவ் தேடினார். அது லேசில் கிடைக்காத வகை. சென்னையில் ஒரு பை இருக்கிறது என்று திரை காட்டியது. காரை அனுப்பினார். கார் மூன்று மணி நேரம் ஓடி வந்து நின்றால், பை காலையிலேயே வேறொருவருக்குப் போய்விட்டிருந்தது. நல்லவேளை, அதற்குள் அங்கேயே கல்லூரிப் பையன் ஒருவன் ரத்தம் கொடுத்து ஆள் பிழைத்துவிட்டார்.

மேலாளர் என்னைக் கூப்பிட்டு, உன் கோடு பொய் சொல்கிறது, எடுத்துவிடலாம் என்றார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அன்று முழுக்கத் தாமதம் இரண்டு விநாடியைத் தாண்டவே இல்லை. அந்தப் பையின் பதிவைத் தோண்டிப் பார்த்தேன். சென்னையில் கமிட் ஆன நேரம் பிற்பகல் 2.55. பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்ததும் 2.55. கோடு பொய் சொல்லவில்லை. ஆனால் பை அலமாரியை விட்டுப் போனது காலை 9.10.

ரத்த வங்கியில் இருக்கிற மம்தாவிடம் போய்க் கேட்டேன். ஒன்பது பத்துக்கே எழுதிவிட்டாளாம். பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. "சில நேரம் நோயாளிக்கு ஏத்தாமலே பை திரும்பி வந்துடும் மேடம். போய்டுச்சுன்னு அடிச்ச பிறகு வந்துடுச்சுன்னா? நிச்சயமா தெரியற வரைக்கும் எனக்குக் கை வரல" என்றாள். சோம்பேறித்தனம் இல்லை, ஜெயா. அத்தனை கவனமான பெண். ஆறு மணி நேரம் அந்தப் பதிவு அவள் திரையில் திறந்தே கிடந்திருக்கிறது. நான் கழித்துப் பார்த்ததெல்லாம் பொத்தானை அழுத்திய பிறகு நடந்ததை மட்டும்தான். அதற்கு முன்னால் ஒருவர் மனசில் எத்தனை நேரம் நின்றது என்று என் கோட்டுக்குத் தெரியாது.

ஹாஸ்டலுக்கு வந்து பெட்டியைத் திறந்து அந்தத் தந்தியை எடுத்தேன். இரண்டு வருஷமாக அதைப் பிரிக்க எனக்குத் தைரியம் இல்லை. சென்னையில் பெற்ற நேரம் 17.25. வார்டன் கையெழுத்துப் போட்டது 18.10. எனக்கு மத்தியான ஷிஃப்ட் முடிந்து வர ஒன்பது ஆகிவிட்டது, அது என் தப்பு. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில் இன்னொரு நேரம் இருக்கிறது. ராபர்ட்சன்பேட்டையில் கொடுத்த நேரம் 15.40.

தந்தி தாமதிக்கவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டது. காலையிலேயே கொடுத்தாயிற்று என்று நீ எல்லோரிடமும் சொன்னாய். கொடுத்தது மூன்று நாற்பதுக்கு. அம்மா போனது ஏழு மணிக்கு. காலையில் கொடுத்திருந்தால் மத்தியானம் பஸ் பிடித்து அவள் முகத்தைப் பார்த்திருப்பேன்.

ஏழிலிருந்து மூன்று நாற்பது வரை என்ன நடந்தது, ஜெயா? எனக்கு இது ஒன்றுதான் தெரிய வேண்டும்.

வாணி


மைசூர் மைன்ஸ்,
14.6.1998

அன்புள்ள அக்கா,

மூன்று வாரமாகப் பதில் எழுதாமல் இருந்தேன். இன்றைக்கு அம்மாவின் நாள். இன்றும் எழுதாவிட்டால் எப்போதும் எழுதமாட்டேன் என்று வின்னி தாளையும் பேனாவையும் வைத்துவிட்டு அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று காலை ஆறு மணி ஷிஃப்ட். ஆறு இருபத்தைந்துக்குப் பாறை வெடிப்பு, பர்ஸ்ட். நம் ஊரில் பூமி குலுங்குவது புதிதா என்ன, சின்ன வயசில் பாத்திரம் உருண்டால் எடுத்து அடுக்கிவிட்டுப் படுத்துக்கொள்வோம். ஆனால் அன்றைக்கு என்ஜின் ஹவுஸ் சுவரே ஆடியது. கீழே லெவலில் பாறை வெடித்துச் சரிந்து இருபத்து மூன்று பேர் மாட்டிக்கொண்டார்கள். யாரும் சாகவில்லை, அதனால் பேப்பரில் நாலு வரி வந்தது, நீயும் பார்த்திருப்பாய். ஷாஃப்டில் கட்டைகள் நகர்ந்திருந்தன. கேஜை வேகமாக இழுத்தால் எங்கேயாவது சிக்கும். நத்தை மாதிரி ஊர்ந்து, ஒரு தடவைக்கு நாலு பேர். இறங்கி ஏற ஒண்ணேகால் மணி நேரம். ஆறு தடவை. என்னை மாற்ற வேண்டிய டிரைவர் காய்ச்சலில் கோலார் ஆஸ்பத்திரியில் இருந்தார். வேறு ஆள் கிடையாது.

ஏழு இருபதுக்கு டேவிட் உள்ளே வந்தான். முதல் தடவைக்கான மூன்று அடி மணி இன்னும் கேட்கவில்லை. என் காதில் சொன்னான்: "அம்மா போய்ட்டாங்கடா. பார்வதம்மா ஆள் அனுப்பிச்சாங்க."

அக்கா, வீட்டில் சாவு விழுந்தவன் லீவரைத் தொடக்கூடாது. அது ரூல். உடனே எழுப்பிவிடுவார்கள். எழுப்பிவிட்டால் அந்த இருபத்து மூன்று பேர்? டேவிட்டிடம், நீ போய் அக்காவுக்குத் தந்தி கொடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சத்தியமாக வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அம்மா செத்துப்போய்விடுவாள் என்று தோன்றியது. சொல்லாதவரை கை நடுங்காது. நான் டேவிட்டிடம் சொன்னது இது: "யார் கிட்டயும் மூச்சு விடாதே. நான் இன்னும் கேக்கல. நீ இன்னும் சொல்லல." அவன் என்னைப் பார்த்தபடியே பின்னால் நடந்து போனான். அப்புறம் அந்த மூன்று அடி மணி கேட்டது.

அதன் பிறகு முள்ளையும் சாக்பீஸ் கோட்டையும் தவிர நான் எதையும் பார்க்கவில்லை. எட்டு மணி நேரம் அந்தச் சேதியை நெஞ்சில் மூடி வைத்திருந்தேன். மூன்றேகாலுக்குக் கடைசி மூன்று பேர் மேலே வந்தார்கள். அந்த மூவரில் ஒருவர் பார்வதம்மாவின் புருஷன் வெங்கடசாமி அண்ணன். தன் புருஷன் கீழே மாட்டியிருக்கும்போது அவள் நம் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நகராமல் உட்கார்ந்திருந்தாளாம். லீவரை விட்டு எழுந்தேன். அப்புறம்தான் தபால் ஆபீசுக்கு ஓடினேன்.

வீட்டுக்கு வந்ததும் பார்வதம்மா கேட்ட முதல் கேள்வி, வாணிக்குத் தந்தி போச்சா என்று. காலைலயே போச்சு என்றேன். மேனேஜரிடம், எனக்குச் சேதி மூன்று மணிக்குத்தான் தெரியும் என்றேன். வீட்டுக்கு ஒரு பொய், ஆபீசுக்கு ஒரு பொய். மறுநாள் காலையில் நீ வந்து நின்றபோது அந்த இரண்டு பொய்யும் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டன. உண்மையைச் சொன்னால் என் என்ஜின் சர்டிபிகேட் போய்விடும் என்று பயந்து, பழியை உன் மேல் போட்டேன். ஏப்ரல் கடிதத்தில், தந்தி எங்கே போயிருந்தது என்று அந்தக் கடைசி வரியை எழுதும்போதுகூடக் கை கூசியது. எழுதினேன்.

மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

உன் தம்பி
ஜெயா


சென்னை,
22.6.1998

என் ஜெயா,

உன் கடிதத்தை வேலை நேரத்தில் பிரித்துவிட்டேன். அப்புறம் ஒரு மணி நேரம் மொட்டை மாடியில் போய் நின்றேன்.

கோபம் வருகிறது, பொய் சொல்ல மாட்டேன். உன்னை நாலு அறை அறைய வேண்டும். அம்மாவின் முகத்தை எனக்குக் காட்டாமல் செய்துவிட்டாய். அதே மூச்சில், இருபத்து மூன்று பேரை நினைக்கிறேன். ஆறு தடவை, அந்த முள், அந்த மூன்று மணி. உனக்குள் அம்மா செத்துக் கிடக்க, உன் கை நடுங்காமல் இருந்திருக்கிறது. நான் இதுவரை பார்த்த, படித்த எதுவும் என்னை இப்படி மலைக்க வைத்ததில்லை. இதைச் செய்தவன் என் பாவாடையைப் பிடித்துத் தொங்கியவனா என்று மறுபடி மறுபடி கேட்டுக்கொள்கிறேன். இனி லிஃப்ட் மேன் என்று சொன்னால் என் நாக்கை நானே கடித்துக்கொள்வேன்.

ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. அன்று மத்தியானம் ஆபீசில் ஒருத்திக்குப் பிறந்தநாள். நான் கேக் தின்று, வயிறு வலிக்கச் சிரித்தேன். அம்மா போய் ஆறு மணி நேரம் கழித்து நான் சிரித்திருக்கிறேனே என்று இரண்டு வருஷமாக என்னையே வெறுத்துக்கொண்டிருந்தேன். இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. உன்னிடத்தில் அம்மா காலை ஏழு இருபதுக்குப் போய்விட்டாள். என்னிடத்தில் இரவு ஒன்பது வரை உயிரோடு இருந்தாள். அந்த நேரத்தையெல்லாம் நீ அங்கே தனியாகச் சுமந்துகொண்டிருந்தாய்.

இங்கே மம்தாவுடன் உட்கார்ந்து ஒரு வழி செய்தோம். பையை அலமாரியிலிருந்து எடுத்ததும் ஒரு பதிவு, திரும்பாது என்று தெரிந்ததும் இன்னொரு பதிவு. இப்போது அவளுக்குக் கை வருகிறது. என் திரையில் இரண்டாவதாக ஒரு கோடும் போடுகிறேன். எழுதத் தொடங்கி இன்னும் உறுதி செய்யாமல் யாராவது வைத்திருந்தால் அது ஏறும். இப்போதெல்லாம் அது ஏறினால் முதலில் அந்த ஆளுக்குப் போன் பண்ணி, என்னம்மா, ஏதாவது சிரமமா என்றுதான் கேட்கிறேன்.

நான் வருகிறேன். பிறந்ததும் சொல். இந்த விஷயம் நம் இரண்டு பேரோடு இருக்கட்டும். லைனில் யாரும் என்னை நல்லவள் என்று சொல்ல வேண்டியதில்லை. உன் சர்டிபிகேட்டுக்கு ஒன்றும் வரக்கூடாது. இது அக்காவின் கட்டளை.

வாணி


மைசூர் மைன்ஸ்,
5.7.1998

அன்புள்ள அக்கா,

கட்டளையை மீறிவிட்டேன்.

பார்வதம்மாவிடம் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். வெங்கடசாமி அண்ணன் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் பார்வதம்மா அழுதாள்: "அந்தப் பொண்ண வாய்க்கு வந்தபடி பேசிட்டனேப்பா. என் புருசன் உசுரோட மேல வர்றதுக்கா அவ அம்மா மொகத்த பாக்காம போனா? அவ வந்தா நான் எந்த மூஞ்சிய வச்சிகினு நிப்பேன்?" அன்று சாயங்காலத்துக்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது.

தெரிந்த பிறகு ஆபீசில் மறைப்பதில் அர்த்தமில்லை. மேனேஜரிடம் நானே போனேன். கேட்டுவிட்டு, எழுதிக் கொடு என்றார். எழுதிக் கொடுத்தேன். முடிவு வரும்வரை என்ஜின் பக்கம் போகக்கூடாது. இப்போது லாம்ப் ரூமில் தலைவிளக்குகளுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கிறேன். முடிவு எப்படி வரும் என்று தெரியாது. வந்தபடி வரட்டும். ஷாஃப்டில் அந்த மூன்று அடி மணி கேட்கிறபோது மட்டும் கை தானாக லீவரைத் தேடுகிறது.

வின்னிக்கு நாள் நெருங்கிவிட்டது. நீ தைத்த சட்டையைத் தலைமாட்டில் வைத்திருக்கிறாள்.

ஜெயா


தந்தி

கொடுத்த இடம்: ராபர்ட்சன்பேட்டை
கொடுத்த நாள், நேரம்: 21.7.1998, காலை 10.02
சென்னையில் பெற்ற நேரம்: 10.50

வாணி, மகளிர் விடுதி, திருவல்லிக்கேணி

பெண் குழந்தை 9.48 இருவரும் நலம் இங்கே இன்னும் யாருக்கும் சொல்லவில்லை வா

ஜெயா